குழாய் கழுவிய மிச்சம்

ஜூலை 3

அக்கா,

நலமா என்று கேட்பதெல்லாம் கடைசியில். முதலில் எழுந்து போய் அத்தானின் மாத்திரை டப்பாவை எடு. பின்பக்கம் தொகுதி எண் அச்சடித்திருக்கும். அது 61 என்று முடிந்தால் அதைத் தனியாக எடுத்து வை. அதற்கு முந்தைய டப்பாவில் மிச்சம் இருந்தால் அதிலிருந்து கொடு. மிச்சம் இல்லையென்றால் 61-லிருந்தே கொடு. நிறுத்த மட்டும் நிறுத்தாதே. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். வேறு கம்பெனி மாத்திரைக்கு நாயாய் அலைந்துகொண்டிருக்கிறேன், கிடைத்ததும் அனுப்புகிறேன்.

பத்தொன்பது முறை ஃபோன் அடித்துப் பார்த்தேன். மண்சரிவில் உங்கள் மலையின் டவரே விழுந்துவிட்டது என்று அணையின் நகர அலுவலகத்தில் சொன்னார்கள். செவ்வாயும் வெள்ளியும் சாமான் ஜீப் போகும், தபால் பை அதில் ஏறும், மறுநாள் மாலை கீழே இறங்கும் என்றார்கள். வயர்லெஸ் இருக்கிறதாம். அதில் சொல்லுங்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. என்ன விஷயம் என்று கேட்பார்களே! அத்தானுக்கு வலிப்பு இருப்பது அணைக்கே தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

விஷயம் இதுதான். மாத்திரையாக அடிப்பதற்கு முன் அந்த மருந்துப் பொடியை என் மெஷினில் வைத்துப் பார்த்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டது நான். நேற்று ஆண்டுத் தணிக்கைக்காகப் பழைய தாள்களை மேசையில் பரப்பினேன். 61-ஆம் தொகுதியின் ஐந்து தாள்களும் வரிசையாக வந்தன. அதில் இருக்கக் கூடாத ஒரு சின்ன பீக் ஐந்திலும் இருக்கிறது. அதன் தலைமேல் என் கையெழுத்திலேயே 'அசிட்டோன்' என்று ஐந்து முறை எழுதியிருக்கிறேன். அது அசிட்டோன்தானா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அசிட்டோன் இல்லை என்றால் அது என்ன, ஆளை என்ன செய்யும் என்றும் தெரியவில்லை.

அத்தானுக்குச் சோர்வு, அரிப்பு, கண்ணில் மஞ்சள் ஏதாவது இருக்கிறதா? உடனே எழுது.

குட்டி

ஜூலை 4

குட்டி,

ஜீப் டிரைவர் கவரைக் கொடுத்துவிட்டுப் போகாமல், "நல்ல சேதியாம்மா?" என்று நின்றுகொண்டிருந்தார். "தங்கச்சிக்கு வேலைல உயர்வு" என்று பல்லைக் காட்டி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நன்றாகத்தான் உயர்ந்திருக்கிறாய்.

61-தான். பழைய டப்பா தீர்ந்து பத்து நாளாயிற்று. பத்து நாளாக இதைத்தான் விழுங்குகிறார். சோர்வா என்று கேட்கிறாய். இரண்டு வாரமாக மழை விடவில்லை, அணை நிரம்பிக்கொண்டிருக்கிறது, மனுஷன் ராத்திரி பகல் பார்க்காமல் மதகு மேடையில் நிற்கிறார். சோர்வு இருக்காமல் என்ன செய்யும்? அவர் தூங்கும்போது இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த வீட்டு விளக்கில் சுவர், தலையணை, என் கை எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிகிறது. அவர் விழித்துக்கொண்டு, "என்னடி, உயிர் இருக்கான்னு பாக்குறியா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

குடியிருப்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாம். போனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்பார். சொன்னால் சீட்டில் எழுதுவார். வலிப்பு இருப்பவனை மதகில் நிற்க விடமாட்டார்கள், இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள். அதற்குப் பயந்துதானே உன்னிடம் சொல்லி, உன் கம்பெனி கவுண்டரில் வாங்கி அனுப்பச் சொன்னோம்? கடையில் வாங்கினால் ஊர் கேட்கும், தங்கச்சி அனுப்பினால் யார் கேட்பார்கள் என்று நினைத்தேன். நல்லா நினைத்தேன் போ.

நீ எழுதியிருப்பதில் பாதி எனக்கு விளங்கவில்லை. பீக் என்கிறாய், அசிட்டோன் என்கிறாய். அசிட்டோன் நகச்சாயம் அழிக்கிற தண்ணீர்தானே, அது எப்படி மாத்திரைக்குள் வந்தது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காந்தத்துக்கு ஹீலியம் ஊற்றுகிற நாள், விட்டுவிட்டு வர முடியாது என்று சொன்னாயே, அந்தக் காந்தம்தானே இது? அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். அது என்னதான் செய்யும்?

உன் பெரியவர்களிடம் சொல்லிவிட்டாயா?

அக்கா

ஜூலை 7

அக்கா,

முதலில் நல்லது. ஒரு டாக்டரிடம் அத்தானின் பழைய சீட்டைக் காட்டிக் கெஞ்சி, வேறு கம்பெனி மாத்திரை முப்பது வாங்கிவிட்டேன். இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது. அதே மருந்து, அதே அளவு. நாளை ஜீப்பில் வந்து சேரும். வந்த நிமிஷத்திலிருந்து இதைக் கொடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். மருந்திலும் தண்ணீரிலும் நம் உடம்பிலும் ஹைட்ரஜன் அணு இருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் கரு ஒரு குட்டிக் காந்தம். சும்மா விட்டால் உன் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும். பொடியைக் கரைத்து, பென்சில் கனம்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பெரிய காந்தத்துக்குள் இறக்கினால் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். அப்போது ரேடியோ அலையால் ஒரு தட்டு. கருக்கள் சாய்ந்து, பழைய நிலைக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு சுருதியில் பதில் கொடுக்கும். கம்ப்யூட்டர் அதை ஒரு நீளக் கோட்டின் மேல் ஊசி ஊசியாக வரையும். அதுதான் பீக்.

பீக் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அந்த ஹைட்ரஜன் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும். ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தால் ஓரிடம், வெறும் கார்பன் பக்கத்தில் என்றால் வேறிடம். பீக்கின் பரப்பு, அந்த மாதிரி எத்தனை ஹைட்ரஜன் என்று சொல்லும். அடுத்த கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் குடியிருந்தால் பீக் மூன்றாகப் பிளந்து நிற்கும். அண்டை அயலில் ஒருவருமே இல்லையென்றால் ஒற்றையாக நிற்கும். இவ்வளவுதான் அக்கா என் பிழைப்பு. யார், எத்தனை பேர், பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்கிற வேலை.

அசிட்டோன் ஒற்றையாக நிற்கும், எங்கள் கோட்டில் 2.17 என்ற இடத்தில். குழாய்களை நாங்கள் அசிட்டோனால்தான் கழுவுகிறோம். அவசரத்தில் சரியாக உலராத குழாயில் அது துளி தங்கும். அதனால் 2.17 பக்கம் ஒற்றை பீக்கைப் பார்த்தால் எங்கள் ஆய்வகத்தில் யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. குழாய் கழுவிய மிச்சம் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது அதுதான்.

ஆனால் கழுவிய மிச்சம் என்றால் ஒரு குழாயில் கூடும், ஒன்றில் குறையும். 61-ஆம் தொகுதியின் ஐந்து குழாயிலும் அது மருந்தோடு ஒப்பிட்டால் ஒரே அளவு. பரப்பைக் கூட்டிப் பார்க்கிற கணக்கு அந்தத் தாள்களிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு எடுத்துவைத்திருந்த பொடியைப் புதுக் குழாயில் கரைத்துப் போட்டேன். பீக் இருந்தது. அப்புறம் வேண்டுமென்றே அதில் ஒரு துளி அசிட்டோன் விட்டேன். அது அசிட்டோனாக இருந்தால் அதே பீக் உயர்ந்துவிடும். இல்லையென்றால் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். திரையில் கோடு வரும்வரை நான் சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

இரண்டு பீக் வந்தன. 2.17-இல் ஒன்று. அதை ஒட்டி, 2.14-இல் பழையது, அசையாமல்.

பொடி செய்யும் வழியில் முழுதாக மாறாமல் நின்றுபோன ஏதோ ஒன்று அது. ஒன்றுமே செய்யாமலும் போகலாம். ஈரலைத் தின்னவும் செய்யலாம். எங்கள் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. இன்று காலை அவர் அறை வாசல்வரை போனேன். கை கதவைத் தட்டவில்லை.

அம்மா விஷயம் எழுதியிருந்தாய். அதை நேரில் வரும்போது பேசுகிறேன்.

குட்டி

ஜூலை 9

குட்டி,

உன் முப்பது மாத்திரை நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. அவர் நேற்றுக் காலையிலேயே விழுந்துவிட்டார்.

உன் முதல் கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துப் படித்திருக்கிறார். நிறுத்தாதே என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறார். இருந்தாலும், தெரிந்தே விஷத்தை யார் விழுங்குவார்கள் என்று மூன்று நாளாக என் முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, வெளியே போய் மழைத்தண்ணீரில் துப்பியிருக்கிறார். நேற்று ஆறு மணிக்கு இரண்டாம் மதகைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. கூட நின்ற, மதகுக்குக் கிரீஸ் போடுகிறவர் இவருடைய ரெயின்கோட்டின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் காலை மாட்டிக்கொண்டு கத்தியிருக்கிறார். கீழே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தினமும் அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறேன்.

உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. நெற்றியில் எட்டுத் தையல். பேசுகிறார். "பெல்ட்டு நல்ல பெல்ட்டு" என்று ஜோக் அடிக்கிறார். அவரை அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

ஆக, இங்கே மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. டாக்டருக்குத் தெரியும், என்ஜினீயருக்குத் தெரியும். இனி மதகில் கால் வைக்கக் கூடாது, ஸ்டோரில் உட்காரலாமா என்று பிறகு பார்ப்பார்களாம். ஈரலுக்கு ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று டாக்டர் கேட்டபோது, மறந்துவிட்டார் என்றேன். உனக்காகச் சொன்ன பொய்.

இதோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கேள். கேண்டீன் சமையல்காரரின் மகள் என் காப்பகத்தில் இருக்கிறாள். ஏழு வயது, வாய் ஓயாது, சிட்டு என்று கூப்பிடுவோம். அவளுக்கும் வலிப்பு. அவள் அம்மா இன்று காலை புது அட்டையைக் கொண்டுவந்து, "மத்தியான மாத்திரையை நீங்களே குடுத்துருங்கக்கா" என்று என் கையில் வைத்தாள். உன் கம்பெனி. திருப்பிப் பார்த்தேன். 61.

மருத்துவமனை அலமாரியிலேயே ஒரு பெட்டி நிறைய இருக்கிறதாம்.

கொடுத்தேன் குட்டி. என் கையாலேயே கொடுத்தேன். நிறுத்தினால் விழுவார்கள் என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டேனே. அவருக்கு வந்த மாத்திரை பெரியவர்கள் அளவு, அதை அவளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று எனக்கு என்ன தெரியும்? அவள் வாயைத் திறந்து காட்டி, "முழுங்கிட்டேன் டீச்சர், பாருங்க" என்றாள்.

இதை நான் டாக்டரிடம் போய்ச் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். நீ உன் இடத்தில் சொன்னால் நீயாகச் சொன்னதாக இருக்கும். அந்த மரியாதையை உனக்கு விட்டுவைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜீப்பில், சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி வரவேண்டும். அதுவரை தினமும் மத்தியானம் அந்தப் பிள்ளைக்கு நான்தான் கொடுக்க வேண்டும்.

அக்கா

ஜூலை 10

அக்கா,

அத்தான் விழுந்தார் என்ற வரிக்கு மேல் நின்றுகொண்டு படிக்க முடியவில்லை. ஆய்வகப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

இன்று சாரிடம் சொன்னேன். இரண்டு பீக் வந்த தாளை அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். கதவைச் சாத்தினார். "பாரும்மா, அளவு ரொம்பக் கம்மி. இதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சொன்னோம்னா நீயும் போயிடுவ, நானும் போயிடுவேன், ஆய்வகத்தையே இழுத்து மூடுவாங்க. அடுத்த தொகுதியிலேர்ந்து சரி பண்ணிக்கலாம். இதை மறந்துடு" என்றார். தாளை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். கெட்டவர் இல்லை அக்கா, என்னைவிடப் பயந்திருக்கிறார்.

அளவு கம்மி என்பது உண்மை. நூற்றில் அரைப் பங்குக்கும் கீழே. நானும் இரண்டு நாளாக அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பகலில் நம்புகிறேன், படுத்தால் நம்ப முடியவில்லை.

சிட்டுவுக்குச் சின்ன அளவு மாத்திரை, வேறு கம்பெனி, இதில் இருபது வைத்திருக்கிறேன். அட்டையைப் பிரித்து, அவள் அம்மாவுக்குத் தெரியாமல் இதை மாற்றிக் கொடுத்துவிடு. தீர்ந்தால் இன்னும் அனுப்புகிறேன், எத்தனை மாதமானாலும் அனுப்புகிறேன். நம்முடைய ஆட்களுக்கு ஒன்றும் ஆகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் கடிதங்கள் எல்லாவற்றையும் எரித்துவிடு. முக்கியமாக ஏழாம் தேதியுடையதை. தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன் என்பதற்கு அது ஒன்று போதும். ஜெயிலில் போடுவார்களா என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. உன் காலில் விழுகிறேன் அக்கா. எரித்துவிட்டு, எரித்தேன் என்று மட்டும் எழுது.

குட்டி

ஜூலை 12

குட்டி,

எரிக்கவில்லை.

நேற்று உன் கவர் வந்தது. இருபது மாத்திரையையும் மேசையில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் ஆசையாகத்தான் இருந்தது. அட்டையை மாற்றிவிட்டால் சிட்டுவுக்கு ஆபத்து இல்லை, அவருக்கு ஆபத்து இல்லை, உனக்கும் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன்.

நம்முடைய ஆட்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். நான் முகம் பார்த்த பிள்ளைக்கு நல்ல மாத்திரை. முகம் பார்க்காத பிள்ளைக்கு? அந்த மாத்திரையை இதே நேரத்தில் இன்னும் எத்தனை பேர், "முழுங்கிட்டேன் பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பார்கள்?

கடிதங்களை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். மூன்றையும் கொடுத்தேன். ஏழாம் தேதியுடையதையும். எரித்துவிடு என்று எழுதியதையும். நடுவில் நிறுத்தி, "இது உங்க சொந்தத் தங்கச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து என்னையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, பூட்டி, சாவியை என் முன்னாலேயே பைக்குள் போட்டார். நீ அனுப்பிய இருபதையும் பார்த்து, சரியான அளவுதான் என்று சிட்டுவின் அம்மாவைக் கூப்பிட்டு, காரணம் சொல்லியே கொடுத்தார். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்கு எழுதப்போவதில்லை. மூன்று நாள் நான் தெரிந்துதானே கொடுத்தேன்.

என்ஜினீயரிடம் பேசி, வயர்லெஸ்ஸில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சேதி போய்விட்டது. உன் கடிதங்கள் நகலெடுக்கப்பட்டு இதே ஜீப்பில் கீழே வருகின்றன. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவர்களும் வந்திருப்பார்கள்.

நல்ல வார்த்தை எழுதத் தெரியவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தூக்கி வளர்த்த கைதான் இதைச் செய்தது. திட்டு, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

அவருடைய ரத்த முடிவு இன்னும் வரவில்லை.

அக்கா

ஜூலை 17

அக்கா,

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். ஒரு பெண், இரண்டு ஆண்கள். அந்தப் பெண்ணின் கையில் என் கடிதங்களின் நகல். என் கோணல் எழுத்தை யாரோ ஒருவர் கையில் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே, நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. இன்னும் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

"இதில் எழுதியிருக்கிறபடி எங்கள் முன்னால் செய்து காட்டுங்கள்" என்றார் அந்தப் பெண். பொடியைக் கரைத்தேன். புதுக் குழாய். காந்தத்துக்குள் இறக்கினேன். பீக் வந்தது. குழாயை வெளியே எடுத்து, ஒரு துளி அசிட்டோன் விட்டேன். விடும்போது தவறி இரண்டு துளி விழுந்துவிட்டது. மறுபடி இறக்கினேன். சாரோடு சேர்த்து ஐந்து பேர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த முறையும் எனக்குள் ஒருத்தி, ஒன்றாகவே வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வந்தன.

சார் தனக்கு எதுவுமே தெரியாது என்றுதான் முதலில் சொன்னார். டிராயரைத் திறக்கச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

தொகுதியைத் திரும்பப் பெறச் சொல்லி அன்று மாலையே உத்தரவு போய்விட்டது. எட்டாயிரம் பெட்டியாம். மருந்தை நிறுத்தாமல், வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறச் சொல்லி எல்லா மருத்துவமனைக்கும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பொருள் என்ன என்று கண்டுபிடிக்க வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், பத்து நாளாகும். அதுவரை யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவராலும் சொல்ல முடியாது. என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போகக் கூடாது, கூப்பிட்டால் வரவேண்டும்.

வெளியே வரும்போது சார் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தார். "கூடப் பிறந்தவளே இப்படிப் பண்ணுவாளா?" என்றார். பரிதாபமாகத்தான் கேட்டார். என் வாயிலிருந்து பதில் தானாக வந்தது. "அவங்க பண்ணலேன்னா நான் பண்ணியிருக்க மாட்டேன் சார்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாளாக அதே வாக்கியம் காதில் கேட்கிறது. விசாரணைக்குப் பயம் இருக்கிறது, ஜெயிலுக்குப் பயம் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் உண்மை என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது அக்கா. நான் பண்ணியிருக்க மாட்டேன். சாவகாசமாக மாதாமாதம் உனக்கு இருபது இருபதாக அனுப்பிக்கொண்டே இருந்திருப்பேன்.

சிட்டு எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா, ஓடுகிறாளா? பகல் வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு எழுது. அத்தானின் முடிவு வந்தால் அதையும் எழுது, நல்லதோ கெட்டதோ அப்படியே எழுது. நான் வீட்டில்தான் இருப்பேன்.

குட்டி